தேநீர் நிறத்தில் ஒரு வெள்ளை ஒயின்

ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும் என் அக்கா மகன் ஜனவரி விடுமுறைக்குக் குன்னூர் வந்திருந்தான். அவன் தங்கியிருக்கும் வீட்டுப் பெரியவர் தன் கையால் செய்த ஒயினை ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்பியிருந்தார். "வெள்ளைத் திராட்சை, மாமா. பெயர் ரிகாட்சிதெலி" என்றான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நன்றாக இறங்கிய தேநீரின் நிறம்.

26 ஆண்டுகளாகத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன் நான். கை சும்மா இருக்குமா? இரண்டு வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை எடுத்தேன். ஒன்றில் காலைத் தேநீர், இன்னொன்றில் ஒயின். தேநீரைச் சோதிப்பது போலவே கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சினேன். முதலில் சுள்ளென்ற புளிப்பு. பிறகு நாக்கின் இரு ஓரங்களும் ஈறும் மெல்ல இறுகின. துவர்ப்பு! என் தொழிலின் உயிரே அதுதான்.

பொதுவாக வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்ததும் தோலை எடுத்துவிடுவார்கள். கிழக்கு ஜார்ஜியாவின் ககேத்தி பகுதியில் தோல், விதை, சில சமயம் காம்பு வரை சாற்றோடு சேர்த்துத் தாழியில் ஊற்றுகிறார்கள். க்வெவ்ரி என்ற அந்தத் தாழி முட்டை வடிவம். உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்திருப்பார்கள். மண்ணின் குளிர்ச்சியே அதற்குக் காவல். நுரைத்து எழும் தோலைத் தினமும் பலமுறை கோலால் அமுக்கிவிடுவார்கள். நொதிப்பு அடங்கியதும் மூடி, வசந்தத்தில் திறப்பார்கள். விதைகள் கூரான அடிப்பகுதியில் போய்ப் படிந்திருக்கும். 2013இல் இந்த முறையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தேயிலைக்கு நிறம் கொடுப்பது காற்று. இதற்கு நிறம் கொடுப்பது தோல். ஆனாலும் இரண்டிலும் பொறுமைதான் வேலை செய்கிறது. பறித்த தளிருக்கு உடனே சூடு காட்டினால் பச்சைத் தேயிலை. வாட்டி, உருட்டி, விட்டுவைத்தால் கறுப்பு. எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்பதை மூக்குதான் சொல்லும். அந்தப் பெரியவருக்கும் அப்படி ஒரு மூக்கு இருக்கிறது. ஒரு மிடறிலேயே தெரிந்துவிட்டது.

ரிகாட்சிதெலி என்றால் செந்தண்டு என்று பொருளாம். அறுவடைக் காலத்தில் ககேத்திக்குப் போய், அந்தக் காம்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பெரியவருக்கென்று, உறைபனிக் காலத்துத் தளிரில் நானே பார்த்துச் செய்த தேயிலை அரைக் கிலோவை அவன் பெட்டியில் வைத்தேன். பால் கலக்காமல் குடிக்க வேண்டும் என்று மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன்.