பூம்பாறைக்குப் போகிற வழியில்

வத்தலக்குண்டில் டீ குடித்துவிட்டு மலை ஏறினோம், இ-பாஸ் போனில் தயாராக இருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இது கட்டாயம். 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் போட்டார்கள். நாங்கள் போனது செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, சோதனைச்சாவடியில் இரண்டே நிமிடம். முன்பு ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை பெருமாள்மலையிலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வரைக்கும் வர மூன்று மணி நேரம் ஆனது, பின்சீட்டில் குழந்தை அழுதுகொண்டே வந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் வரம்பு வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கொடைக்கானலின் வளர்ச்சியை யோசித்தால் எல்லாம் பாதையில்தான் போய் நிற்கிறது. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இங்கே வீடு கட்டியபோது நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஒரு ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார், அப்புறம் ஊரே அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. ஊட்டிக்கு 1908-லேயே ரயில் போய்விட்டது, இங்கே கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் இன்னும் 80 கிலோமீட்டர் சாலைதான். வருகிறவர்கள் எல்லாம் வண்டியோடு வருகிறார்கள், வண்டிகள் எல்லாம் ஏரியைச் சுற்றியே நிற்கின்றன, லாட்ஜ், குதிரை, சைக்கிள், சாக்லேட் கடை என எல்லாப் பிழைப்பும் அந்த ஒரு வட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது.

சரி என்று நாங்கள் அந்த வட்டத்தை விட்டு, கொடைக்கானலைத் தாண்டி இருக்கும் பூம்பாறை என்ற மலைக்கிராமத்துக்குப் போனோம். மேலிருந்து பார்த்தால் படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவே நெருக்கமாக வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பூண்டு விளைகிற ஊர் இது. சாலையோரம் பூண்டு விற்ற அம்மாவிடம் சீசனில் வியாபாரம் எப்படி என்று கேட்டேன்.

"வண்டி நிறையத்தான் வருது தம்பி. மேல நின்னு போட்டோ எடுத்துட்டு அப்படியே மன்னவனூர் போயிடுறாங்க, ஊருக்குள்ள யாரு இறங்குறா?"

எத்தனை வண்டிகள் என்று எண்ணுகிறோம், அவை எங்கே நிற்கின்றன என்பதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். கொடைக்கானலிலிருந்து இந்தக் கிராமங்களுக்கு அரைமணிக்கு ஒரு சிறிய பேருந்து விட்டாலே பாதிப் பேர் காரை எடுக்க மாட்டார்கள், இறங்கி நடப்பார்கள், அந்த அம்மாவிடம் பூண்டும் வாங்குவார்கள். நாங்கள் ஒரு கிலோ வாங்கிக்கொண்டோம், மதுரை வரைக்கும் வண்டி முழுக்க அந்த வாசனைதான்.