ஒரு நிமிட மௌனம்

எங்கள் உயிரியல் சேருக்கான அஞ்சலிக் கூட்டம் இணையவழியில் நடந்தது. தலைவர் ஒரு நிமிட மௌனம் கேட்டார். திரை நிறையக் குனிந்த தலைகள். அதில் ஒன்று மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. என் பழைய வாங்குத் தோழன். அவன் அழவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் கமராவை மூடிவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் உமிழ்நீர்ப் பரிசோதனை. மாப்பொருள் கரைசலில் உமிழ்நீரைக் கலந்து, 37 பாகை நீர்த்தொட்டியில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து வெள்ளை ஓட்டில் அயடீனோடு சேர்க்கவேண்டும். உமிழ்நீரிலுள்ள அமைலேசு என்ற நொதியம் மாப்பொருளை உடைக்க உடைக்க, கருநீலம் வரவர மங்கி, கடைசியில் அயடீனின் மஞ்சள் கபிலமே மிஞ்சும். நான் கதை மும்முரத்தில் உமிழ்நீர்க் குழாயைக் கொதிநீருக்குள் மறந்துவிட்டேன். பிறகு ஒன்றும் நடவாததுபோல மாப்பொருளில் ஊற்றினேன். என் ஓட்டில் பத்துக் குழியும் கருநீலம். கொப்பியில், “நொதியம் இறந்துவிட்டது” என்று எழுதினேன்.

சேர் அதைச் சத்தமாக வாசித்தார். “எல்லாரும் எழும்புங்கோ. தம்பியின்ரை அமைலேசு காலமாகிட்டுதாம். ஒரு நிமிசம் மௌனம்.”

மணிக்கூட்டைப் பார்த்து அறுபது விநாடியும் நிற்கவைத்தார். பக்கத்து வகுப்பு யன்னலுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து என் பெயர் ‘செத்தவீடு’.

அதன்பிறகுதான் பாடம். நொதியத்துக்கு உயிர் இருந்தால்தானே சாகும்? அது புரதம். கொதிக்கவைத்தாலும் அமினோவமிலச் சங்கிலி அறுபடாது. அதை மடித்துப் பிடித்திருக்கும் ஐதரசன் பிணைப்பு போன்றவை விடுபட்டு வடிவம் குலைகிறது. வடிவம் போனால் உயிர்ப்பு மையமும் போச்சு, மாப்பொருள் வந்து பொருந்த இடமில்லை. நொதியம் பூட்டு, அதில் பொருந்தும் பொருள் திறப்பு என்று 1894இல் எமில் பிஷர் சொன்னது எங்கள் குறிப்பில் இருந்தது. சேருக்கு அது போதவில்லை. சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருவிக் கையில் மாட்டினார். கை உள்ளே போகப் போகத்தான் காலுறை கையின் வடிவத்துக்கு வருகிறது, 1958இல் கோஷ்லண்ட் சொன்னது இதுதான் என்றார். முன்வாங்குக்காரர் மூக்கைப் பொத்தினார்கள்.

எனக்கு அப்போது அவரைப் பிடிக்கவில்லை. அறுபது விநாடி கூடுதல் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியில் பிறகு ஒருநாளும் நான் பிழைவிட்டதில்லை.

வெளிநாடு புறப்படமுன் சொல்லிவிட்டு வரப் போனேன். அங்கேயும் ஒரு கேள்வி.

“குளிரில நொதியத்துக்கு என்ன நடக்கும்?”

“உருக்குலையாது சேர். வேலை மந்தமாகும். சூடு வந்தால் பழையபடி வேலை செய்யும்.”

“சரி. அப்ப திரும்பி வா.”

இத்தனை வருடத்தில் இரண்டு தரம் போனேன். ஒன்று தங்கையின் கல்யாணத்துக்கு, மற்றது அம்மாவின் காரியத்துக்கு. இரண்டு தரமும் சேர் இருந்த ஒழுங்கையைத் தாண்டித்தான் வாகனம் போனது.

மௌனம் முடிந்து தலைவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோழன் மைக்கைத் திறந்தான்.

“டேய் செத்தவீடு, இருக்கிறியா?”

கமராவைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.