தொட்டித் தண்ணீர் தெளிய ஏழு வாரம் ஆனது

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மழையில்லாத நாளில் பீலித் தண்ணீரை, அதாவது ஊற்றிலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்தால் தம்ளர் காலியாக இருப்பது போலவே தோன்றும். அதே தண்ணீரை மீன் தொட்டியில் நிரப்பினேன். நான்காம் நாள் அரிசி கழுவிய தண்ணீராகிவிட்டது. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அப்பா, மீன் எங்கே?" என்று கேட்டாள்.

தொட்டி 2 அடி நீளம். ஏறத்தாழ 60 லீட்டர் பிடிக்கும். ஹட்டன் நகரில் மூன்று சிறிய தங்கமீன்கள் வாங்கியிருந்தேன். கப்பி மீன்களுக்கு எங்கள் குளிர் ஒத்துவராது. ஹீட்டர் வைத்தால் மின்சாரக் கட்டணம் கட்டி முடியாது. தங்கமீன் குளிரைத் தாங்கும். ஆனால் அதன் கழிவு அதிகம்.

கலங்கியதும் முழுத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டினேன். அடியில் கிடந்த கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். நான்கு நாளில் மீண்டும் அதே வெண்மை. இப்படி மூன்று முறை. மூன்றாம் முறை ஒரு மீன் செத்துப் போனது. கடையில் சொன்னார்களே என்று தண்ணீரைத் தெளியவைக்கும் மருந்து ஒரு போத்தல் வாங்கி ஊற்றினேன். மறுநாள் காலையில் தெளிந்தது, மாலையில் கலங்கியது. அந்தப் பணம் வீண்.

ஹட்டனில் பல வருடமாக மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் கேட்டுவிட்டு, "அண்ணே, முதலில் கழுவுவதை நிறுத்துங்கள்" என்றார். மீன் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. ஒரு வகை பக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை கல்லிலும் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. வெள்ளைக் கலங்கல் என்பது மிஞ்சிய தீனியைத் தின்று தண்ணீரில் பெருகும் வேறு பக்டீரியா. நான் கழுவக் கழுவ, ஒட்டி வாழ்பவை நிலைகொள்ள முடியவில்லை. தொட்டி ஒவ்வொரு முறையும் முதல் நாளுக்கே திரும்பியது. எங்கள் குளிரில் அவை பெருகுவதும் மெதுவாகத்தான்.

தமது தொட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, அதே தொட்டித் தண்ணீரோடு பொலித்தீன் பையில் கட்டித் தந்தார். அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தொட்டிக்குள் பிழிந்தபோது சேற்று நிறம் பரவியது, மனைவி பதறிவிட்டாள். விடிவதற்குள் படிந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய எதுவும் அந்தப் பஞ்சுத் துண்டுக்கு ஈடாகவில்லை.

வடிகட்டியை நானே செய்தேன். ஒரு லீட்டர் பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, நடுவில் ஒரு குழாயை நிறுத்தினேன். குழாயின் அடியில் சிறு வெட்டுகள். சுற்றிலும் கழுவிய கூழாங்கல், அதன்மேல் வாசனையோ மருந்தோ சேராத, செயற்கை இழையாலான தலையணைப் பஞ்சு. காற்று பம்பின் மெல்லிய குழாயை நடுக்குழாயின் அடிவரை இறக்கினால் குமிழிகள் தண்ணீரை மேலே தூக்கும்; வெளித் தண்ணீர் பஞ்சு வழியாக இறங்கி வரும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பலகையில் வைத்தேன். இங்கே காற்றுமழைக்கு மின்சாரம் அடிக்கடி போகும். பம்ப் கீழே இருந்தால் தண்ணீர் குழாய் வழியே அதற்குள் இறங்கிவிடும். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுகிறேன்.

மகள் ரொட்டித் துண்டு போடுவதை நிறுத்தினாள். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. சனிக்கிழமைதோறும் கால் பங்கு, அதாவது 15 லீட்டர் மட்டும் மாற்றம். குழாயால் அடிக்கசடை உறிஞ்சி எடுக்கும் தண்ணீர் வாசலில் உள்ள லீக்ஸ் பாத்திக்குப் போகிறது. நகரத்தில் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்த வாளியில் வைக்க வேண்டும். குளோரமைன் கலந்திருந்தால் அது போதாது, அதற்கென்று உள்ள மருந்து தேவை.

ஐந்தாம் வாரம் வெண்மை குறைந்தது, பால் சேர்க்காத பிளேன்டீ நிறம் வந்தது! அழகுக்காக நான் வைத்த பழைய தேயிலை வேர்க்கட்டைதான் காரணம். அந்தச் சாயம் மீனைக் கெடுக்காது என்றாலும் எனக்குப் பிடிக்கவில்லை. கட்டையை எடுத்துப் பெரிய பானையில் வேகவைத்து, வாளியில் ஊறப்போட்டு, சாயம் இறங்குவது நிற்கும்வரை நாள்தோறும் தண்ணீர் மாற்றினேன். தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் எடுத்துப் பார்த்தால் எந்தக் கலங்கல் என்று தெரிந்துவிடும்: பால் நிறம் பக்டீரியா, பச்சை பாசி, தேநீர் நிறம் கட்டை. பச்சை எனக்கும் தலைகாட்டியது. தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றி, பின்புறம் கறுப்புக் காகிதம் ஒட்டினேன். மணிப்பிளான்ட் கொடியின் வேரை ஓட்டையிட்ட யோகட் கோப்பையில் வைத்துத் தண்ணீரில் தொங்கவிட்டேன். இலை வெளியே இருக்கும், வேர் நைட்ரேட்டை உறிஞ்சும். கோப்பை இல்லாவிட்டால் தங்கமீன் வேரைக் கொறித்துவிடும்.

ஏழாம் வாரம் ஒரு மழை இரவில் மின்சாரம் நின்றது. மகள் டார்ச் லைட்டைத் தொட்டியின் பக்கக் கண்ணாடியில் வைத்து அடித்தாள். முன்பெல்லாம் ஒளி பாதி தூரத்திலேயே புகை போல மங்கிவிடும். அன்று தொட்டியைத் தாண்டிச் சுவரில் வட்டமாக விழுந்தது. இரண்டு மீன்களின் வால் நரம்புகளும் தெரிந்தன.

இப்போது தென்மேல் பருவமழை. பீலியில் செம்மண் கலந்து வருகிறது. படிகாரம் போடச் சிலர் சொன்னார்கள்; எங்கள் ஊற்று நீரில் அமிலத்தை ஈடுகட்டும் தாது உப்புகள் குறைவு, படிகாரம் பட்டால் அமிலத்தன்மை சட்டென்று ஏறும், அதனால் தொடவில்லை. அப்பாயி சொன்னபடி தேற்றாங்கொட்டையை வாளியின் உட்புறத்தில் லேசாக இழைத்து, தண்ணீர் நிரப்பி, இரவு முழுவதும் அசையாமல் வைத்தேன். மண் அடியில் தங்கியது. மேல் தண்ணீரை மட்டும் மொண்டு எடுத்தேன். தொட்டிக்குள் அந்தக் கொட்டையைப் போடுவதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு வாளிகளை மூடி வைத்திருக்கிறேன். நாளை சனிக்கிழமை.