கிளைட் பயந்தாங்கொள்ளி இல்லை

பழைய வீடியோ கேம்களில் வருவதெல்லாம் வெறும் கட்டம் போட்ட பொம்மைகள், அவற்றுக்கு ஏது குணம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வசனம் இல்லை, முகபாவம் இல்லை, கதையே பல கேம்களில் இரண்டு வரிதான், எல்லாம் சரி. ஆனால் அதனாலேயே அந்தப் பாத்திரங்கள் எப்படிப்பட்டவை என்பதை அவை நகரும் விதத்திலேயே காட்ட வேண்டியிருந்தது. எமுலேட்டரில், அதாவது பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருளில், நானும் தம்பியும் இன்னமும் அவற்றை விளையாடுகிறோம். விளையாடுவதைவிடச் சண்டை போடுவதுதான் அதிகம்.

பேக்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-இல் நாம்கோ என்ற ஜப்பானிய நிறுவனத்துக்காக தோரு இவாதானி உருவாக்கியது. நாம் ஒரு புதிர்வழிக்குள் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓட வேண்டும், நான்கு பேய்கள் துரத்தும். அந்தப் பேய்களுக்கு நிறம் மட்டும்தான் வேறு என்று நினைத்துக்கொண்டு விளையாடுபவர்கள் நிறைய. சிவப்பு நிற பிளிங்கி ஒளிவுமறைவே இல்லாமல் நாம் நிற்கும் கட்டத்தையே குறிவைத்துத் துரத்தும், புள்ளிகள் குறையக் குறைய வேகமும் கூடும், அதாவது தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் வெறி ஏறுகிற ஆள். பிங்கி அப்படி இல்லை. நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோமோ அந்தப் பக்கம் நான்கு கட்டம் தள்ளிப் போய் மடக்கப் பார்க்கும். இதில் ஒரு வேடிக்கை: பிங்கி நெருங்கி வரும்போது ஓடாமல் அதன் முகத்துக்கு நேரே திரும்பினால், அது குறிவைக்கும் இடம் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், அடுத்த சந்திலேயே பல நேரம் விலகிப் போய்விடும். மறைந்திருந்து தாக்குகிறவர்களுக்கு நேருக்கு நேர் நின்றால் ஆகாது போல.

இங்கி நீலம். அது போகும் இடம் நம்மை மட்டும் அல்ல, பிளிங்கி எங்கே இருக்கிறது என்பதையும் பொறுத்தது, அதனால் தனியாக இருந்தால் எங்கோ அலையும், பிளிங்கி பக்கத்தில் வந்துவிட்டால் திடீரென்று கொடூரமாகிவிடும். கும்பல் சேர்ந்தால் மட்டும் தைரியம் வருகிற ரகம்.

இனி ஆரஞ்சு நிற கிளைட். எங்கள் சண்டையே இவனைப் பற்றித்தான். எட்டுக் கட்டத்துக்கு வெளியே இருக்கும்வரை பிளிங்கி மாதிரியே நேராக வருவான், எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் சட்டென்று மனசு மாறி இடது கீழ் மூலையைப் பார்த்துப் போய்விடுவான். "பயந்தாங்கொள்ளிண்ணா அவன்" என்பது தம்பியின் தீர்ப்பு. நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பயந்தவன் என்றால் எதற்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும்? தூரம் போனதும் மறுபடியும் நம்மைத் தேடித்தானே வருகிறான். அதோடு, நாம் அந்த இடது கீழ் மூலையில் புள்ளி தின்றுகொண்டிருக்கும்போது அவன் பின்வாங்கும் வழியே நம் மேல்தான் போகிறது. நான் செத்ததில் பாதி அங்கேதான், அதுவும் ஓடிப்போகிறவன் கையால். என்னைக் கேட்டால் அவன் கூட்டத்தோடு கிளம்பிவிட்டுப் பாதியில் "எதுக்கு இதெல்லாம்" என்று சலித்துக்கொள்கிறவன், அவ்வளவுதான். தம்பி கேட்கமாட்டான், விடுங்கள்.

மாரியோவின் தம்பி லூயிஜிக்கு ஆரம்பத்தில் தனிக் குணம் என்கிற இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் அவன் நிறம் மாற்றிய மாரியோ, வேறு ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அண்ணனைவிட உயரமாகக் குதிக்கவும், நிற்கச் சொன்னால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகவும் ஆரம்பித்தான். அந்த வழுக்கல்தான் அவனை ஒரு ஆளாக்கியது என்பேன்.

வேகமாக ஓடும் நீல முள்ளெலி சோனிக்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, 1991-இல் வந்த முதல் கேமிலேயே நாம் சும்மா இருந்தால் நம்மைப் பார்த்துக் காலைத் தட்டுவான். 1993-இல் வந்த சோனிக் சிடியில் மூன்று நிமிஷம் தொடாமல் வைத்தால் திரையை விட்டே குதித்துப் போய்விடுவான், ஆட்டம் முடிந்தது. அதற்கு மேல் அவன் பொறுமையைப் பற்றி விவாதம் தேவையா?

1989-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் நிழல் மனிதன் கதை வேறு. ஆப்பிள் டூ கணினியில் புதிதாக ஒரு எதிரியை வரைந்து வைக்க நினைவகத்தில் இடம் இல்லை, அதனால் கேமை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர், நாம் ஆட்டுவிக்கும் இளவரசனின் படங்களையே கொஞ்சம் நகர்த்தி, ஒன்றின்மேல் ஒன்று போட்டு, மினுமினுக்கும் ஒரு உருவத்தை எடுத்தார். நான்காம் லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்தால் அது வெளியே வரும், நம் உயிர் ஒன்றாகக் குறைந்துவிடும். கடைசியில் வாளோடு எதிரே நிற்கும்போது அதை வெட்டினால் நமக்குத்தான் அடி. வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

நிழல் கெட்டவன் இல்லை, இளவரசன் செய்ய நினைத்ததைத்தான் முந்திக்கொண்டு செய்கிறான் என்பது என் கட்சி. ஐந்தாம் லெவலில் நமக்கு முன்னால் ஓடிப்போய் மருந்தைக் குடிக்கிறானே என்று தம்பி கேட்டால், இளவரசனும் அதைக் குடிக்கத்தானே போனான் என்று சொல்லிவிடுவேன். ஆறாம் லெவலில் நாம் பள்ளத்தைத் தாண்டுகிற நேரம் பார்த்துக் கதவை மூடி நம்மைக் கீழே தள்ளுகிறானே, அதற்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை.