மாவுக்கட்டு நாட்கள்

அக்டோபர் 3

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வீட்டு லேப்டாப்பை ஆபீசோடு இணைக்கிற வி.பி.என். மறுபடியும் அறுந்துவிட்டது. மெடிக்கல் கோடிங் வேலை. நோயாளியின் சார்ட் பாதியில் நிற்கிறது. "மேடம், உங்க ஏரியால கரண்ட் இல்லையா?" என்று டீம் லீடர் கேட்டார். கரண்ட் இருக்கிறது. வைஃபை கோடுகளும் முழுசாகக் காட்டுகின்றன. நெட் மட்டும் இல்லை.

கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடக்கிற மகன், உள்ளறையில் ஹெட்செட் போட்டுக்கொண்டு கேமில் யாரையோ "டேய், பின்னாடி பாருடா" என்று கத்திக்கொண்டிருந்தான். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அக்டோபர் 4

பிரண்டை கிடைத்தது. அம்மா நார் எடுத்து, நல்லெண்ணெயில் வதக்கி, துவையல் அரைத்துக் கொடுத்தாள். நாக்கு அரிக்குது என்று தட்டைத் தள்ளிவிட்டான். புளி போதவில்லை. நாளைக்கு நான் அரைக்கிறேன்.

அக்டோபர் 5

கஸ்டமர் கேரில் ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிறது, அப்புறம் பழைய கதைதான். "மாலையில எல்லாரும் பாப்பாங்க மேடம், லோடு இருக்கும்." எதிர் வீட்டிலும் இதே கனெக்‌ஷன்தான். அங்கே சீரியல் நிற்காமல் ஓடுகிறது.

என் வீட்டுக்காரர் போனில், "அவனை கேமை நிறுத்தச் சொல்லேன், உன் ஷிப்ட் முடியிற வரைக்கும்தானே" என்கிறார். சொல்ல மாட்டேன். பிளஸ் டூ படிக்கிற பையன், கால் நீட்டியபடி நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த பிளேஸ்டேஷன் கேம் கன்சோலில்தான் இவனோடு பேசுகிறார்கள். கேமை நிறுத்தினால் அந்தப் பேச்சும் நின்றுபோகும். என் வேலையும் வேண்டும், அவன் பேச்சும் வேண்டும். வழி இல்லாமலா போய்விடும்?

அக்டோபர் 6

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு ஓவர்டைம் பார்க்க உட்கார்ந்தேன். பத்தேகாலுக்கு அறுந்தது. உள்ளே அப்போதுதான் கேமைப் போட்டிருக்கிறான். சாயங்கால லோடு என்று சொன்னதெல்லாம் பேச்சுக்குச் சொன்னதுதான்.

இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு அறுகிற நேரத்தில் அவனுக்கும் அறுகிறது. நான் திட்டுவேன் என்று சொல்லாமலே இருந்திருக்கிறான்.

அக்டோபர் 8

எஸ் 82.202. இடது கால் முன்னெலும்பு முறிவு. சார்ட்டைப் படித்து, தினமும் யார் யாருக்கோ நான் போடுகிற நோய்க் குறியீடு. ஏழாவதாக ஓர் எழுத்து வரும். முதல் சிகிச்சைக்கு ஏ. ஒழுங்காகக் கூடிவந்தால் டி. கூடுவதற்குத் தாமதமானால் ஜி. கூடவே இல்லையென்றால் கே. இன்று ஒரு சார்ட்டில் ஜி போட வேண்டி வந்தது. அந்தப் பிள்ளைக்கும் பதினேழு வயது. போட்டுவிட்டு எழுந்து போய் இவன் கால்விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தன.

அக்டோபர் 9

கண்டுபிடித்துவிட்டேன்!

விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் நடப்பதையெல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கும். அதில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால், அறுந்த நேரங்களில் 4199 என்ற எண்ணோடு ஒரே செய்தி நிற்கிறது: 192.168.1.5 என்ற ஐ.பி. முகவரியில், அதாவது வீட்டு நெட்டில் கருவிக்குக் கொடுக்கிற எண்ணில், மோதல். மோதுகிற கருவியின் மேக் முகவரியையும், அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணையும், அதுவே சொல்கிறது. பிளேஸ்டேஷனில் செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று போய்ப் பார்க்கச் சொன்னேன். அவன் ஒவ்வொரு ஜோடியாக வாசிக்க, நான் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். ஆறு ஜோடியும் ஒத்துப்போயிற்று. "அம்மா, இதுதாம்மா!" என்று எழுந்திருக்கவே பார்த்தான்.

ரயிலில் ஒரே பெர்த் நம்பரை இரண்டு பேருக்குக் கொடுத்த மாதிரிதான். முதலில் வந்தவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார், அடுத்தவர் ஏறும்போதுதான் தகராறு. ஜூன் மாதம் அவன் நண்பன் வந்து கன்சோலில் 192.168.1.5 என்று கையால் அடித்து வைத்துப் போயிருக்கிறான். அதில் தப்பில்லை. வெளியிலிருந்து கன்சோலோடு எவ்வளவு சுலபமாக இணைய முடியும் என்பதை நாட் டைப் என்று காட்டும். அது 3 என்றால் கேமில் மற்றவர்களோடு பேசுவதே சிரமம். 2 ஆக வேண்டும் என்று ரௌட்டரில் கன்சோலுக்கு ஒரு வாசல் மாதிரி போர்ட் திறந்திருக்கிறார்கள். போர்ட் திறந்தால் கருவியின் எண் மாறக்கூடாது. ஆனால் அந்த எண் வேறொருவர் கையில் இருப்பது ரௌட்டருக்குத் தெரியாது. அது 2 முதல் 254 வரை தன்னிஷ்டத்துக்கு எடுத்துக் கொடுக்கிறது. எங்கள் ரௌட்டர் கரண்ட் போய் வந்தால் யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதையே மறந்துவிடுகிறது. கன்சோல் அணைந்திருக்கிற மத்தியானத்தில் 5 சும்மா இருப்பதாக நினைத்து என் லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும்.

முன்பு ஏன் வரவில்லை என்பதும் புரிந்தது. அப்போது லேப்டாப் ஆபீசில் இருந்தது. விபத்துக்குப் பிறகுதானே வீட்டில் வேலை.

அக்டோபர் 10

கன்சோலில் ஐ.பி.யைத் தானியங்கிக்கு மாற்றினோம். அப்படியே விட்டால் எண் மாறி, திறந்த போர்ட் வீணாகும். அதனால் ரௌட்டருக்குள் போய், கருவிகளுக்கு எண் கொடுக்கிற டி.எச்.சி.பி. பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில், அந்த மேக் முகவரிக்கு 5 என்று எழுதி வைத்தேன். இனி கரண்ட் போய் வந்தாலும் அந்த எண் கன்சோலுக்குத்தான். லேப்டாப்பில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து அதன் எண்ணைப் பார்த்தால் இப்போது 8.

ராத்திரி பதினொன்று வரை அறவில்லை. நாட் டைப் 2 என்றே காட்டுகிறது.

அக்டோபர் 12

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, புத்தூர் கட்டு போட்டிருக்கலாமே என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார். இவனுக்கு எதிரில் வைத்துச் சொல்ல வேண்டுமா?

அக்டோபர் 15

கட்டுக்குள் அரிக்கிறது என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஸ்கேலை உள்ளே விடப் பார்த்தான், பிடுங்கிக்கொண்டேன்.

வேலையும் இன்று நகரவில்லை. அறவில்லை, ஆனால் இழுத்துக்கொண்டே இருந்தது. செய்தி போய் வர எவ்வளவு நேரமாகிறது என்று பிங் அடித்துப் பார்த்தேன். ரௌட்டருக்கு, அதாவது 192.168.1.1-க்கு, 3 மில்லிசெகண்ட். வெளியே 8.8.8.8-க்கு 400-க்கு மேல். அப்படியானால் வீட்டுக்குள் கோளாறு இல்லை, வெளியே போகிற லைன்தான் நிரம்பிக் கிடக்கிறது. விசாரித்தால், கேமுக்கு ஏதோ பெரிய அப்டேட் இறங்குகிறதாம். இது அந்த மோதல் இல்லை, வேறு சங்கதி. அப்டேட் எல்லாம் நான் லாக் அவுட் செய்த பிறகு என்று பேசி முடித்தோம். சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்டான்.

அக்டோபர் 17

ஹாலிலிருந்து அவன் கட்டில் வரைக்கும் லேன் கேபிள் இழுத்தாயிற்று. அவனுடையது 2013-இல் வந்த முதல் மாடல். அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும், தெருவே அந்த அலைவரிசையில்தான் இருக்கிறது. கேபிளில் போட்டதும் எண் மாறி, நாட் டைப் மறுபடியும் 3 ஆகிவிட்டது. வயருக்கு ஒரு மேக், வைஃபைக்கு ஒரு மேக்! ரிசர்வேஷனில் புது மேக்கைப் போட்டதும் சரியாயிற்று.

வாசற்படியில் கேபிளை டேப் வைத்து ஒட்டினேன். அவன் வாக்கர் வைத்து வருகிற வழி அது.

அக்டோபர் 20

சாப்பிடவில்லை. பேசவில்லை. ஆறு மணிக்குக் கன்சோலையும் போடவில்லை. ஷிப்ட் முழுக்க நெட் அறாமல் கல் மாதிரி நின்றது, ஆனாலும் அவன் நினைப்பில் எனக்கு ஒரு சார்ட் கூட ஓடவில்லை. ஒன்பது மணிக்கு நானே போய் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன்.

அக்டோபர் 21

"அம்மா, டி-யா ஜி-யா?" என்று கேட்கிறான். என் ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் பாடம். டி தான் என்று சொன்னேன்.

அக்டோபர் 23

நாளை காலை பத்து மணிக்கு எக்ஸ்ரே. லீவு சொல்லிவிட்டேன். ஆட்டோவில் காலை நீட்ட இடம் போதாது, கார் கேட்டிருக்கிறேன். பழைய எக்ஸ்ரே கவர் பீரோ மேல் இருக்கிறது, எடுத்து வைக்க வேண்டும். துவையல் இன்று முழுசாகச் சாப்பிட்டான்.