ஹாலின் கடைசிப் பாட்டு

1968இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தை நேற்றிரவு மீண்டும் பார்த்தபோது, விண்கலத்தை நிர்வகிக்கும் ஹால் 9000 என்ற கணினியைக் காட்டிலும் அதனோடு பயணிக்கும் வீரர்களே எனக்கு இயந்திரங்களாகத் தோன்றினார்கள். பெற்றோர் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தைக்கூட ஒருவர் முகத்தில் சலனமே இல்லாமல் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். கணினியோ, தன் நினைவகப் பாகங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும்போது பயமாக இருக்கிறது என்று மன்றாடி, குரல் இழுபட்டுத் தேய, ‘டெய்சி பெல்’ பாடலைப் பாடியபடியே அடங்குகிறது. 1961இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஐபிஎம் 704 கணினி பாடியதும் இதே பாட்டுதான். திரைக்கதையை இணைந்து எழுதிய, பின்னாளில் இலங்கைவாசியாகவே அறியப்பட்ட ஆர்தர் சி. கிளார்க் அதை அங்கே நேரில் கேட்டவர். கலத்தில் இருந்த வீரர்களைக் கொன்றதால் ஹாலைக் கொலைகாரக் கணினி என்றே பலரும் சொல்கிறார்கள். ஆனால் அது அடங்கிய மறுகணமே ஒளிபரப்பாகும் பதிவு, பயணத்தின் உண்மை நோக்கத்தை வீரர்களிடமிருந்து மறைத்து, கணினிக்கு மட்டும் சொல்லி அனுப்பியவர்கள் பூமியில் இருந்த அதிகாரிகள் என்பதைக் காட்டிவிடுகிறது.