பைக்குள் கைகள்

மார்ச் 3
வீணாய்ப்போன பழைய பிலிம் ரோல் ஒன்றை ரீலில் சுற்றிப் பழகினேன். முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கடைசியில் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு. பைக்குள் மூன்று தடவையும் பாதியில் மாட்டிக்கொண்டது. கை வியர்வைதான் காரணம். கொஞ்சம் ஈரம் பட்டாலும் பிளாஸ்டிக் ரீல் பிலிமை நகரவிடாது.

மார்ச் 4
கண்புரை ஆபரேஷன் 16-ம் தேதி உறுதி. இடது கண்தான் முதலில்.

மார்ச் 7
நிஜ ரோல். ட்ரை-எக்ஸ் 400, கறுப்பு வெள்ளை.

“சிவப்பு பல்பு வேண்டாமாடா?” என்றாள் அக்கா. அது பிரிண்ட் போடும் தாளுக்கு. இந்தப் பிலிமுக்குச் சிவப்பும் தெரியும். ரீலில் சுற்றி டேங்கை மூடும்வரைதான் இருட்டு, அப்புறம் சமையலறை மேடையிலேயே எல்லாம். அவள் நம்பாமலே வெளியே போனாள்.

படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் டி-76, தண்ணீர் சரிக்குச் சரி. 20 டிகிரி வேண்டும், குழாய்த் தண்ணீர் 27. டப்பில் ஐஸ் போட்டு இறக்கினேன். 9 நிமிடம் 45 விநாடி. அரை நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தி, டேங்கின் அடியில் ஒரு தட்டு. குமிழி ஒட்டிய இடத்தில் டெவலப்பர் படாது. அப்புறம் படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர்.

திறந்தால் முழுக்கப் பால். 36 படத்திலும். இடது கண்ணை மூடிப் பார்த்தேன், வலதை மூடிப் பார்த்தேன். ஆறு மாதமாய் தெருவிளக்கும் நிலாவும் எனக்குப் பால்தானே, இதை எப்படி நம்புவது? அக்கா திரும்பிவர இரண்டு மணி நேரம். பிலிமை டேங்கிலேயே மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தூக்கிப் பார்த்துச் சொன்னாள்: “பிலிம்தான்டா மங்கல்.”

இவ்வளவு சந்தோஷமாய் எந்த ரோலையும் நான் கெடுத்ததில்லை.

ஃபிக்ஸர் செத்திருந்தது. வெட்டிப்போட்ட நுனித்துண்டு அதில் ஐந்து நிமிடம் கிடந்தும் தெளியவில்லை. புதிதாய்க் கலந்ததில் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்தது. அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் போதும் என்பார்கள், பயத்தில் நான்கு நிமிடம் விட்டேன். பால் போய்விட்டது.

மார்ச் 10
நெகட்டிவில் ஒரு புள்ளி. கண்ணை உருட்டினேன், அதுவும் உருண்டது. தூசி இல்லை.

மார்ச் 12
ரத்தம், சர்க்கரை, அழுத்தம். எல்லாம் சரியாம். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

மார்ச் 13
சொட்டு மருந்து ஆரம்பம். நாளுக்கு நான்கு வேளை.

மார்ச் 14
இரண்டாவது ரோல் ஒரே மூச்சில் ஏறிவிட்டது. நகத்தில் பிலிமின் ஓரத்துளைகள் ஒவ்வொன்றாய்த் தட்டுப்பட்டன. பைக்குள் இருப்பது கை மட்டும், ஆனாலும் கண்ணை மூடிக்கொள்கிறேன். யாருக்காக என்று தெரியவில்லை.

அலசல்: தண்ணீர் விட்டு 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, புதுத் தண்ணீரில் 10, பிறகு 20. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுத் தூசி அடங்கியபின் கிளிப்பில் தொங்கவிட்டேன்.

மார்ச் 15
காய்ந்துவிட்டது. பார்க்கவில்லை.

மதியம் முழுக்க புட்டி வேலை. எழுதி ஒட்டினால் எனக்கே படிக்க வராது. டெவலப்பருக்கு ஒரு ரப்பர் பேண்ட், ஃபிக்ஸருக்கு இரண்டு.